போன் எடுக்காத அந்த இரண்டு மணி நேரம்

கேள்வி: எனக்கு 32 வயது. திருமணமாகி மூன்று வருடம் ஆகிறது. கணவர் நல்லவர். ஆனால் எங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கல் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே கிளம்பிவிடுவார். போன் எடுக்க மாட்டார். இரண்டு மணி நேரம் கழித்து வருவார். மறுநாள் காலையில் எதுவுமே நடக்காத மாதிரி பேசுவார். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் இருபது முறையாவது கூப்பிட்டிருப்பேன். மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பியிருப்பேன். அவர் திரும்பி வந்ததும் நிம்மதி வரவேண்டும் இல்லையா? அப்போதுதான் பெரிதாகக் கத்துகிறேன். அப்புறம், என்னை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

எனக்கு மூன்று வயதானபோது அப்பாவும் அம்மாவும் வேலைக்காக வேறு நாட்டுக்குப் போனார்கள். பாட்டிதான் வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வோம் என்பார்கள். சில வாரம் வரும், சில வாரம் வராது. எட்டு வயதில் என்னைத் தங்களோடு அழைத்துக்கொண்டார்கள். இப்போது கேட்டால் “உனக்காகத்தானே போனோம்” என்கிறார் அம்மா. இணையத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். எனக்கு ‘ஆங்சியஸ்’ (உறவில் பதறும் வகை), கணவருக்கு ‘அவாய்டன்ட்’ (விலகும் வகை) என்று வந்தது. இந்த இரண்டு வகையினரும் சேரவே கூடாது என்றும் போட்டிருந்தது. இதெல்லாம் என் சிறுவயதால் வந்ததா? அம்மாவை நான் மன்னிக்க வேண்டுமா? குழந்தை பெற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது. இதே பயத்தை அதற்கும் கொடுத்துவிடுவேனா? (பாட்டிக்கு இப்போது 81 வயது. மாமா வீட்டில் இருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

இருபது முறை கூப்பிடுவதைப் பற்றிக் கொஞ்சம் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். என் கண் அதற்கு அடுத்த வரியில்தான் நின்றது. வராதபோது துடித்த நீங்கள், வந்ததும் சீறுகிறீர்கள். அது ஏன் என்று உங்களுக்கே விளங்கவில்லை. இதற்கான விளக்கம் ஒரு வயதுக் குழந்தைகளைக் கவனித்தவர்களிடமிருந்து கிடைத்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் 1950களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களும் குழந்தைகளும் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களை, குழந்தை பிறந்த சில வாரங்களிலிருந்தே ஓராண்டு காலம் தொடர்ந்து போய்ப் பார்த்தார். அந்தக் குழந்தைகளுக்கு ஒரு வயது ஆனபோது ஒரு சிறிய ஏற்பாடு செய்தார். ஓர் அறை, சில பொம்மைகள், தாய், குழந்தை, முன்பின் தெரியாத ஒரு பெண். மொத்தம் இருபது நிமிடம்தான். இடையில் இரண்டு முறை தாய் வெளியே போய், சில நிமிடங்களில் திரும்பி வருவார். தாய் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைத்தான் எல்லோரும் கவனிப்போம். ஐன்ஸ்வர்த் முக்கியமாகக் கவனித்தது தாய் திரும்பி வரும் கணத்தை.

பெரும்பாலான குழந்தைகள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன, தேம்பல் அடங்கியது, கொஞ்ச நேரத்தில் பொம்மையிடம் திரும்பிவிட்டன. இவற்றைப் பாதுகாப்பான பிணைப்பு உள்ளவை என்றார் அவர். சில குழந்தைகள் தாய் வந்ததைக் கண்டுகொள்ளாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு விளையாடின. இன்னும் சில குழந்தைகள், எண்ணிக்கையில் குறைவுதான், தூக்கு என்று கை நீட்டின. தூக்கினால் முதுகை வளைத்துத் திமிறின, அடித்தன, கொடுத்த பொம்மையை வீசின. இறக்கிவிட்டால் மறுபடி காலைப் பிடித்துக்கொண்டு அழுதன. அணைப்பும் வேண்டும், கோபமும் தீரவில்லை.

உங்கள் வாசலில் கணவர் செருப்பைக் கழற்றும்போது நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். அவர் வராதவரை கோபப்பட உங்களுக்கு வசதியில்லை. பயம் முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. அவர் வந்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் கோபத்துக்கு இடம் கிடைக்கிறது. நீங்கள் கத்துவது “ஏன் போனாய்” என்றுதான். ஆனால் கேட்பவர் காதில் “போ” என்று விழுகிறது. இதுதான் இதில் உள்ள சோகம்.

அந்த மூன்றாவது வகைக் குழந்தைகளின் வீடுகளில் ஐன்ஸ்வர்த் பார்த்தது என்ன தெரியுமா? கொடுமைக்காரத் தாய்மார்களை அல்ல. அழுதால் சில நேரம் ஓடி வருவார், சில நேரம் வரமாட்டார். எப்போது வருவார், எப்போது வரமாட்டார் என்பது குழந்தைக்குப் பிடிபடவில்லை. எப்போதுமே வராவிட்டால் கேட்பதை விட்டுவிடலாம். எப்போதும் வந்தால் ஒரு சிணுங்கல் போதும். சில நேரம் மட்டும் வந்தால், விடாமல் அழுவதுதான் புத்திசாலித்தனம். அடுத்த அழுகைக்கு வந்துவிடலாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை போனை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். சில வாரம் வரும், சில வாரம் வராது. நான்கு வயதுக் குழந்தைக்கு வாரம், நேர வித்தியாசம், வேலைப் பளு எதுவும் தெரியாது. போன் பக்கத்தில் காத்திருக்கத் தெரியும். அந்த வயதில் உங்களுக்குள் ஒரு மனக்கணக்கு உருவாகியிருக்கும்: விட்டுவிடாதே, கவனம் சிதறினால் வராமலே போய்விடும். மூன்று வயதில் தாயும் தந்தையும் கண்ணிலிருந்து மறைந்த ஒரு குழந்தைக்கு அது சரியான கணக்கு. இன்று 32 வயதில் இருபது முறை அழுத்தும் விரல் அதே கணக்கைத்தான் போடுகிறது. ஆகவே உங்களைப் பைத்தியக்காரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு என்று நான் கருதவில்லை. ஒரு காலத்தில் உதவிய பழக்கம், அந்தக் காலம் முடிந்த பிறகும் ஓயாமல் வேலை செய்கிறது.

கணவரைப் பற்றி நான் அதிகம் சொல்லக் கூடாது, அவருடைய பக்கத்தை நான் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். தாய் திரும்பியபோது கண்டுகொள்ளாமல் விளையாடிய அந்த இரண்டாவது வகைக் குழந்தைகள் நினைவிருக்கிறதா? பார்ப்பதற்கு ரொம்ப அமைதியாக இருப்பார்கள். ஆலன் ஸ்ரௌஃப், எவரெட் வாட்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரையில், அந்தக் குழந்தைகளின் இதயத் துடிப்பும் பிரிவின்போது எகிறுவதைக் காட்டினார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது, உள்ளே அடித்துக்கொண்டிருக்கும். பெரியவர்களிடமும் இதைப் பார்க்கலாம். சண்டையின் நடுவே கல் மாதிரி உட்கார்ந்துவிடுகிறவர்கள் பலருக்கு உடம்பு உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்குப் பயம் வந்தால் நெருங்கத் தோன்றுகிறது, அவருக்குப் பயம் வந்தால் விலகத் தோன்றுகிறது. நீங்கள் நெருங்க நெருங்க அவர் விலகுகிறார், அவர் விலக விலக நீங்கள் நெருங்குகிறீர்கள். இந்தச் சுற்றில் யார் முதலில் ஆரம்பித்தது என்று தேடினால் கிடைக்காது.

சரி, அந்த இணையச் சோதனைக்கு வருவோம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த பகுதி. பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஒரு பெண்ணிடம், “நீங்கள் இருவரும் சேரக் கூடாது” என்று ஓர் இணையப் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதைச் சொல்லும் உரிமை அந்தச் சோதனைக்கு எங்கிருந்து வந்தது?

இந்தச் சோதனைகளின் பூர்வீகம் இது. குழந்தைகளிடம் பார்த்த மூன்று வகைகளைப் பெரியவர்களின் காதலுக்குப் பொருத்திப் பார்க்கலாமா என்று சிண்டி ஹஸன், ஃபிலிப் ஷேவர் என்ற இருவர் யோசித்தார்கள். அமெரிக்காவின் டென்வரில் ஒரு நாளிதழில் கேள்வித்தாள் வெளியிட்டார்கள். மூன்று சிறு பத்திகள். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள் என்று. 620 பதில்களை வைத்து 1987இல் கட்டுரை எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள், அதாவது 56 சதவீதம் பேர், பாதுகாப்பான வகையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 25 சதவீதம் பேர் விலகும் வகை, 19 சதவீதம் பேர் பதறும் வகை. அருமையான ஆய்வு, அதில் சந்தேகமில்லை. ஆனால் இப்படிப்பட்ட கேள்வித்தாள் காட்டுவது, இன்றைய தேதியில் உறவுகளில் நீங்கள் எப்படி உணர்கிறீர்கள் என்பதை. உங்கள் மூன்றாவது வயதில் என்ன நடந்தது என்பதை அது பார்க்கவில்லை. உங்கள் கணவரோ அந்தச் சோதனையை எழுதவே இல்லை. அவருக்காக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று: பிந்தைய ஆய்வாளர்கள் பலர் இவற்றை வகைகளாகவே பார்ப்பதில்லை. பதற்றம் எவ்வளவு, விலகல் எவ்வளவு என்று அளவாகப் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தம் மாதிரி ஏறும், இறங்கும். ஒரே ஆள் கணவரிடம் பதறுவார், தோழியிடம் நிதானமாக இருப்பார்.

அப்படியானால் சிறுவயதுதான் காரணமா? பாதி ஆமாம் என்பதுதான் என் பதில். எவரெட் வாட்டர்ஸும் அவரோடு இருந்தவர்களும், ஒரு வயதில் அந்த இருபது நிமிட அறைக்கு வந்த 60 குழந்தைகளில் 50 பேரை இருபது வருடம் கழித்துத் தேடிப் பிடித்தார்கள். 72 சதவீதம் பேர் குழந்தையில் பாதுகாப்பான பிணைப்பா இல்லையா என்று இருந்த அதே பக்கத்தில்தான் இருந்தார்கள். கேட்டால் தலைவிதி மாதிரி இருக்கிறது அல்லவா? மீதிப் பேரைப் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் இறப்பது, மணமுறிவு, கடும் நோய் என்று இடையில் பெரிய அடி விழுந்தவர்களில் 44 சதவீதம் பேர் மாறியிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்காதவர்களில் 22 சதவீதம் பேர். இந்த ஆய்வு வெளிவந்த அதே 2000ஆம் ஆண்டில் வந்த, அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஆய்வு, வறுமையிலும் நெருக்கடியிலும் வளர்ந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. அங்கே முதல் வயதுக்கும் 19 வயதுக்கும் இடையே சொல்லும்படியான தொடர்ச்சியே கிடைக்கவில்லை. இவற்றையெல்லாம் சேர்த்து நான் புரிந்துகொள்வது இது: முதல் பிணைப்பு ஒரு திசையைக் காட்டிவிடுகிறது. வாழ்க்கை மாறாமல் போனால் அந்தத் திசையிலேயே போகிறோம். வாழ்க்கை மாறினால் நாமும் மாறுகிறோம், கெட்டதுக்கும் நல்லதுக்கும்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும்.

பெற்றோர் போனதை, போன் வராததை, அம்மா இன்று சொல்லும் பதிலை எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். “பாட்டிதான் வளர்த்தார்” என்பது இரண்டே சொல். கடைசியில் அவர் வயதை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை காய்ச்சலில் பக்கத்தில் இருந்தவர், பள்ளியிலிருந்து வரும்போது வாசலில் நின்றவர் அவர்தானே? ஒரு குழந்தை பெற்ற தாயோடு மட்டும்தான் பிணையும் என்பது பழைய எண்ணம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 1964இல் ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் வெளியிட்ட ஆய்விலேயே, 18 மாதம் ஆகும்போது பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களோடு பிணைந்திருந்தன. தந்தை, தாத்தா, பாட்டி, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் என்று. சோறு ஊட்டுவது யார் என்பதைவிட, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது யார் என்பது அதில் முக்கியமாக இருந்தது.

அந்தப் பாட்டியிடமிருந்து எட்டு வயதில் உங்களைப் பிரித்தார்கள். அது பிரிவு என்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். “அம்மா அப்பாகிட்ட போகப்போறே, சந்தோஷமா இரு” என்றுதான் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்ட நாளில் அழ இடம் இருந்திருக்காது. முதல் பிரிவுக்காவது உங்களுக்குப் பேர் தெரியும். இரண்டாவது பிரிவு பேரே இல்லாமல் உள்ளே கிடக்கிறது.

பிணைப்பைப் பற்றிய இந்தச் சிந்தனை முழுவதையும் தொடங்கிவைத்த ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவருக்கும் இது நடந்தது. 1907இல் வசதியான வீட்டில் பிறந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி தாயை ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார். அவரைப் பாசத்தோடு வளர்த்தது ஓர் இளம் செவிலித்தாய். பௌல்பிக்கு நான்கு வயது ஆகும் சமயத்தில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமான இழப்பாக அதைப் பிற்காலத்தில் பௌல்பி விவரித்திருக்கிறார். பிரிவு குழந்தையை என்ன செய்கிறது என்பதை ஆராய்வதிலேயே அவர் வாழ்நாளின் பெரும் பகுதி போயிற்று. இதை நான் சொல்வதற்குக் காரணம், யாருடைய பிரிவு கணக்கில் வரும், யாருடையது வராது என்று குடும்பம் முடிவு செய்வதைக் குழந்தையின் மனம் கேட்டுக்கொள்வதில்லை.

இப்போது அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன். இதில் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது: அவர் வெளியே போவது, எப்போது வருவார் என்று தெரியாதது, வந்த பிறகு எதுவும் பேசாதது. முதலாவதை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கொதிப்பு அடங்க உடம்புக்கு நேரம் வேண்டும். தம்பதிகளை ஆராய்ந்தவர்கள் குறைந்தது இருபது நிமிடம் என்கிறார்கள், சிலருக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும். அவரை உட்காரவைத்துப் பேசச் சொன்னால் அந்த நேரத்தில் நல்ல பேச்சு வராது. இரண்டாவதையும் மூன்றாவதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. அவற்றை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

எப்போது கேட்பது? சண்டையின்போது கேட்காதீர்கள். இருவரும் நன்றாக இருக்கும் ஒரு நாளில், பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டோ ஏதோ வேலை செய்துகொண்டோ கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து “உங்ககிட்ட பேசணும்” என்று ஆரம்பித்தால் விலகும் மனிதர்கள் அங்கேயே பாதி விலகிவிடுவார்கள். உங்களைப் பற்றிச் சொல்லி ஆரம்பியுங்கள். “நீங்க கிளம்பிப் போனா எனக்கு சின்ன வயசுல போனுக்காகக் காத்திருந்த மாதிரி ஆயிடுது. வரமாட்டீங்கன்னே தோணுது. நீங்க போறது பரவாயில்லை. எப்ப வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, அந்த நேரத்துக்கு வந்துடுங்க. அது தெரிஞ்சா நான் போன் பண்ண மாட்டேன்.” உங்கள் சொற்களில் உங்களுக்கு வருகிற மாதிரி சொல்லுங்கள். “நீங்க ஓர் அவாய்டன்ட்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மருத்துவர் மாதிரி பெயர் சூட்டப்பட்டால் யாருக்கும் அருகில் வரத் தோன்றாது.

இதில் உங்கள் பங்கு கடினமானது. அவர் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால், ஒன்பது வரை போனை இன்னோர் அறையில் வைக்க வேண்டும். முதல் சில முறை உடம்பு கேட்காது. நெஞ்சு படபடக்கும், கை தேடும். அந்த நேரம் தனியாக உட்கார்ந்து பல்லைக் கடிக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், குளியுங்கள், நடங்கள். பதற்றம் ஒரு அலை மாதிரி ஏறி, தானாகவே இறங்குவதை ஒரு முறை பார்த்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் எளிது. அவர் ஒன்பதுக்கு வந்துவிட்டால், அந்த வருகையை வீணாக்காதீர்கள். கத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம்: “வந்துட்டீங்க. பயந்துட்டேன்.” கோபத்தை அதற்குப் பிறகு பேசலாம், பேசத்தான் வேண்டும்.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், அதாவது மறுநாள் எதுவும் நடக்காத மாதிரி இருப்பது. எட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் தாயும் குழந்தையும் முகத்தோடு முகம் பார்த்துக் கொஞ்சுவதைப் படம்பிடித்து நொடி நொடியாக ஆராய்ந்தார். நன்றாகப் பழகும் தாய்க்கும் குழந்தைக்கும் இடையில்கூட, இருவரும் ஒரே தாளத்தில் இருந்தது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் ஒன்று சிரிக்க மற்றொன்று வேறு பக்கம் பார்க்கும், தப்பும், பிறகு மறுபடி சேரும். நல்ல பிணைப்பு என்றால் தாளம் தப்பவே தப்பாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தப்பியபின் மறுபடி சேருகிறார்கள் என்பதை அந்தக் குழந்தை ஆயிரம் முறை பார்க்கிறது. உங்கள் வீட்டில் தப்புவது நடக்கிறது, சேருவதும் நடக்கிறது, ஆனால் சேர்ந்தது தெரியாமலே சேர்ந்துவிடுகிறீர்கள். அவர் காலையில் சாதாரணமாகப் பேசுவது அவர் வரையில் சமாதானமாக இருக்கலாம். உங்களுக்குள் இருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு அது போதாது. “நேத்து நான் போனது உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்” என்று இரண்டு நிமிடம் பேசினால் போதும். நீளமான பேச்சுவார்த்தை வேண்டாம். இந்த இரண்டு நிமிடம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும்போதுதான் பழைய மனக்கணக்கு திருத்தப்படுகிறது. புத்தகம் படித்து, சோதனை எழுதி, காரணம் தெரிந்துகொண்டு மட்டும் அது மாறுவதை நான் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. இதுவரை சொன்னதெல்லாம், உங்கள் கணவர் அடங்கப் போய்த் திரும்பி வருகிறவர் என்ற நம்பிக்கையில் சொன்னது. அவர் நாட்கணக்கில் பேசாமல் இருந்து, நீங்கள் மண்டியிடும் வரை தண்டிக்கிறார் என்றால், அல்லது கை ஓங்குகிறார், மிரட்டுகிறார், மறைக்கிறார் என்றால், உங்கள் பயம் சிறுவயதின் மிச்சம் அல்ல. அது இன்றைய ஆபத்தைச் சரியாகச் சொல்லும் பயம். அப்போது இந்தக் கடிதத்தை மூடி வைத்துவிட்டு, நேரில் உதவி தேடுங்கள். பதறுகிற பெண்ணிடம் “உனக்குச் சின்ன வயசுப் பிரச்சினை” என்று சொல்லி வாயை அடைப்பதற்கும் இந்த அறிவு பயன்படுத்தப்படுகிறது. அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. அதேபோல, தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், வளர்த்தவர்களிடமே அடியும் அச்சமும் அனுபவித்த நினைவுகள் இருந்தால், தனியாகச் சமாளிக்க வேண்டாம். ஓர் உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள். கணவரும் சம்மதித்தால் இருவரும் சேர்ந்து போகலாம். பிணைப்பை அடிப்படையாக வைத்துத் தம்பதிகளுக்குச் சிகிச்சை தரும் முறை 1980களிலிருந்தே இருக்கிறது.

அம்மாவை மன்னிக்க வேண்டுமா? வேண்டும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, அவசரமும் இல்லை. “உனக்காகத்தானே போனோம்” என்பது உண்மையாக இருக்கலாம். நீங்கள் தவித்ததும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று அழிக்காது. அம்மாவிடம் மன்னிப்பை எதிர்பார்த்துக் கேட்டால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார். தகவலைக் கேட்டுப் பாருங்கள். கிளம்பின அன்று நான் என்ன செய்தேன்? ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய முடியாதபோது என்ன தடை இருந்தது? இப்படிக் கேட்கும்போது சில தாய்மார்கள், முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமலும் போகலாம். அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

குழந்தையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதில் எனக்கு உங்கள்மேல் நிறைய நம்பிக்கை இருக்கிறது, காரணத்தோடுதான் சொல்கிறேன். 1980களில் மேரி மெயின் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் பெரியவர்களுக்கான ஒரு நேர்காணலை உருவாக்கினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். சிறுவயதில் அம்மாவோடு இருந்த உறவை ஐந்து சொற்களில் சொல்லச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் கேட்பார்கள். “அன்பானவர்” என்று ஒருவர் சொல்வார், சம்பவம் கேட்டால் ஒன்றுகூட வராது. இன்னொருவர் கோபத்தில் மூழ்கி, கேள்வியையே மறந்து, நேற்று நடந்த சண்டைக்குப் போய்விடுவார். வேறொருவர் கஷ்டமான சிறுவயதை, நல்லதும் கெட்டதுமாக, ஒரு கோர்வையாகச் சொல்வார்.

பீட்டர் ஃபோனகி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் லண்டனில் கர்ப்பிணிகளிடம் இந்த நேர்காணலை நடத்தினார்கள். குழந்தை பிறந்து ஒரு வயதானபோது அந்த இருபது நிமிட அறையில் பார்த்தார்கள். பிறப்பதற்கு முன்பே தாய் சொன்ன கதையை வைத்து, குழந்தையின் பிணைப்பு பாதுகாப்பானதா இல்லையா என்பதை நான்கில் மூன்று பங்கு சரியாகச் சொல்ல முடிந்தது. 1991இல் அது வெளிவந்தது. பின்னாளில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்தத் தொடர்பு அவ்வளவு வலுவாக இல்லை, ஆனாலும் இருக்கிறது. இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த நேர்காணல், தாய்க்குச் சிறுவயதில் என்ன நடந்தது என்பதற்கு மதிப்பெண் போடவில்லை. நடந்ததை இன்று எப்படிச் சொல்ல முடிகிறது என்பதற்குத்தான் போட்டது. கஷ்டப்பட்டு வளர்ந்தும் கோர்வையாகச் சொல்ல முடிந்தவர்களை, பாதுகாப்பை உழைத்துச் சம்பாதித்தவர்கள் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தே அழைக்கிறார்கள். அதில் பலருக்கு உதவியது, வாழ்க்கையில் வேறு யாரோ ஒருவர் கொடுத்த ஆதரவு. உங்களுக்கு அந்த ஒருவர் ஏற்கெனவே கிடைத்திருக்கிறார்.

அதனால் ஒரு வேலை தருகிறேன். ஒரு தாளில் அம்மாவுக்கு ஐந்து சொல், இன்னொரு தாளில் பாட்டிக்கு ஐந்து சொல் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடந்த ஒரு சம்பவம். பொதுவாக எழுதாமல், ஒரு நாள், ஓர் இடம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அம்மாவின் தாள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்று தோன்றுகிறது, அவரைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறீர்கள். பாட்டியின் தாளுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. எழுதி முடித்தபின் அவற்றைக் கணவரிடம் படித்துக் காட்டத் தோன்றினால் படித்துக் காட்டுங்கள்.

பாட்டிக்கு 81 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா வீட்டுக்குப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டு வயதில் உங்களைக் கூட்டிக்கொண்டு போன அன்று நீங்கள் போன பிறகு அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.